இடப்பக்கப் புள்ளிகள்

1

புள்ளி அட்டையைக் காட்டும்போது இப்போதெல்லாம் நான் பிள்ளைகள் சொல்லும் விடையைக் கேட்பதற்கு முன் அவர்களுடைய கண்களைப் பார்க்கிறேன். கண் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடாமல் நின்றுவிடுகிறது என்று. வகுப்பாசிரியை இதைக் கவனித்துவிட்டு, "ரெஜினா, நீ என்ன கண் டாக்டரா?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். அவளுக்கு மரக்காணத்தை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. தொடக்கப் பள்ளி ஒன்றில் உதவியாளர் வேலை. ஆசிரியை இல்லை, பாடத்தில் பின்தங்குகிற பிள்ளைகளின் பக்கத்தில் குட்டி நாற்காலி போட்டு உட்காருகிறவள். முழங்கால் முகவாயில் இடிக்கும். என் பையில் எப்போதும் ஒரு மணிச்சரம், வண்ண மரக்கட்டைகள், ஒரு கட்டுப் புள்ளி அட்டைகள் இருக்கும். கணக்குப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் எண் என்பது கையில் பிடிபட வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் வழக்கம். மரக்கட்டைகளை அடுக்கி, பிரித்து, மறுபடி அடுக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான் எட்டுக்குள் ஐந்தும் மூன்றும் இருப்பது தெரியும்.

புள்ளி அட்டை விளையாட்டு சுலபமானது. அட்டையை ஒரு நொடி காட்டி மறைத்துவிட வேண்டும். விரல் வைத்து எண்ண நேரம் கொடுக்கக் கூடாது. பகடையில் ஐந்து விழுந்தால் நாம் எண்ணுவதில்லை அல்லவா, அந்த மாதிரி ஐந்து ஐந்தாகவே கண்ணில் விழ வேண்டும்.

எண்கள் விஷயத்தில் நானே இங்கே வந்து தடுக்கி விழுந்தவள்தான். பிரெஞ்சில் எழுபதுக்குத் தனிச் சொல் கிடையாது; அறுபது-பத்து என்பார்கள். எண்பது என்றால் நான்கு-இருபது. வந்த புதிதில் குடியிருப்பு அனுமதிக்காக அரசு அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னுடையது தொண்ணூற்றேழு. ஒலிபெருக்கியில் "நான்கு-இருபது-பதினேழு" என்று கூப்பிட்டார்கள். நாலாம் எண்காரர், இருபதாம் எண்காரர், பதினேழாம் எண்காரர் மூன்று பேரையும் ஒன்றாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, அவர்கள் எழுந்து போவதற்காக நாகரிகமாகக் காலை மடக்கி வழிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் எழவில்லை. என் முறை போனது. மறுபடி ஒரு தேதி வாங்கி, மறுபடி அதே நாற்காலி.

அதனால்தானோ என்னவோ, எண் புரியாமல் விழிக்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராது. புரியாததற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்று தேடுவேன்.

போன வருடம் ஊரில் அப்படித் தேடியபோது கிடைத்த காரணம், தேடாமலே இருந்திருக்கலாமோ என்று சில நாள் என்னை நினைக்க வைத்தது.

2

அம்மாவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்காகப் போன ஜூலையில் ஊருக்குப் போயிருந்தேன். என் தங்கை ஸ்டெல்லா மரக்காணத்துக்குப் பக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்கூடம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு பக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் வீடுகள் மறுபக்கம், உப்பளத்தை ஒட்டி. சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் நாள் முழுக்க ஓடின. காற்றில் உப்பும் சிமெண்டுத் தூளும் கலந்து உதட்டில் ஒட்டியது.

என் மகள் லியாவும் கூட வந்திருந்தாள். பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதுவும் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமல். வந்த அன்றைக்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "சித்தி, எனக்கு சூடு இருக்கு," என்றாள். பிரெஞ்சில் புழுக்கத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஸ்டெல்லா பதறிப்போய்க் கழுத்தில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சல் மாத்திரையும் வெந்நீருமாக வந்து நின்றாள். வெந்நீரைப் பார்த்ததும் லியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெல்லாவுக்காக ஒரு பெட்டி நிறைய மணிச்சரமும் மரக்கட்டையும் வாங்கிப் போயிருந்தேன். அவள் சிரித்தாள்.

"இந்த மாரி எங்களுக்கும் குடுத்துருக்காங்கக்கா. பீரோவுல பூட்டி வெச்சிருக்குது."

"ஏன் பூட்டி வெச்சிருக்க?"

"ஒரு கட்ட காணாப்போனாலும் நான்தான பதில் சொல்லணும். அதான் நான் என் சாமான வெச்சே ஓட்டிடறேன்."

அவளுடைய சாமான் என்பது ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் பாட்டில் மூடிகள், புளியங்கொட்டை, ரப்பர் பேண்டு போட்டுப் பத்துப் பத்தாகக் கட்டிய ஐஸ் குச்சிகள். கட்டை அவிழ்த்தால் பத்து ஒன்றுகள், கட்டினால் ஒரு பத்து. கடன் வாங்கிக் கழித்தலை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. நான் கொண்டுபோனவற்றில் அவளிடம் இல்லாதது புள்ளி அட்டைகள் மட்டும்தான். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் பள்ளிக்கு வருகிறேன் என்றேன். தலைமையாசிரியரும் சரி என்றார். பிள்ளைகள் எனக்குப் "பிரான்ஸ் மிஸ்" என்று பேர் வைத்தார்கள்.

இரண்டாம் வகுப்பில் காவியா என்று ஒரு குழந்தை இருந்தாள். ஏழு வயது. இரட்டைப் பின்னல், மேல் பட்டன் இல்லாத சட்டை. அப்பா ஏழுமலை, அம்மா சுமதி. இரண்டு பேருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. காவியாவைக் கிட்டே உட்காரவைத்துக்கொள்ளும்போதே ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இதான்க்கா நான் சொன்ன புள்ள. போன வருஷம் நல்லா போட்டுட்டிருந்தா. இப்ப கூட்டல் வெச்சா பாதி எண்ண வுட்டுட்டுப் போடறா. போர்டுல முப்பத்தி நாலுன்னு எழுதினா நாலுன்னு படிக்கிறா. கேட்டா முழிக்கிறா."

"கண்ணு?"

"கேம்ப்ல பாத்தாங்க. எழுத்து எல்லா வரியும் படிச்சிட்டா. கண்ணாடி வேணாம்னுட்டாங்க."

குச்சிகளைக் கொட்டி எண்ணச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு, வலப்பக்கம் தள்ளி, தரையைத் தடவிப் பார்த்து, மிச்சம் இல்லை என்று தெரிந்த பிறகு "பதினாலு" என்றாள். சரியான விடை. நிதானமான குழந்தை, மக்கு இல்லை என்று அப்போதே தெரிந்தது. பிறகு புள்ளி அட்டையை எடுத்தேன். ஐந்து புள்ளி. ஒரு நொடி காட்டி மறைத்தேன்.

"ரெண்டு," என்றாள்.

ஆறு புள்ளியைக் காட்டினேன். "மூணு."

நான்கைக் காட்டினேன். "ரெண்டு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் இவள் தயங்கவில்லை. தெளிவாகக் கண்டதைச் சொல்கிற குரல் அது. அதுதான் என்னை உறுத்தியது. ஊகித்துச் சொல்கிற பிள்ளை ஒரு தரமாவது கூட்டிச் சொல்லும். இவள் சொன்னதெல்லாம் குறைவாகவே இருந்தது.

வகுப்பு முடிந்து வெளியே போகும்போது கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

3

அந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லாவும் நானும் உப்பளத்துக்குப் போனோம். காவியாவின் அப்பா அம்மாவைப் பார்த்துப் பேசலாம் என்று. வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடிப்பார்கள் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோதே கண் கூசியது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீரில் வெளிச்சம் அடித்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளையாக இருந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது.

ஏழுமலை நீளக் கழியில் மாட்டிய பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். சுமதி கூடையில் அள்ளி மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார். பள்ளி இல்லாததால் காவியாவும் வந்திருந்தாள். கையில் தண்ணீர்க் கேனோடு வரப்பின்மேல் எங்களை நோக்கி வந்தாள். குறுகலான வரப்பு. நடக்க நடக்க, மெல்ல மெல்ல இடப்பக்கம் விலகிக்கொண்டே வந்தாள். அங்கே வரப்பு முடிவது அவளுக்குத் தெரியாத மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் இடது கால் பாத்திக்குள் இறங்கிவிட்டது. படிந்துவந்த உப்புப் படலம் உடைந்து சேறு மேலே வந்தது.

ஏழுமலை பலகையைப் போட்டுவிட்டு வந்தார். குழந்தைக்கு நேர் எதிரே நின்று கையை ஓங்கினார்.

அந்த நொடி என் கண்ணுக்குள் அப்படியே நிற்கிறது. ஓங்கிய கை இறங்கி வருகிறது. காவியா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் சிமிட்டவில்லை. தலையைச் சாய்க்கவில்லை. அடி விழுகிற வரைக்கும் அந்த முகத்தில் எதுவுமே இல்லை. விழுந்த பிறகுதான் திடுக்கிட்டாள், யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரி.

"ஏம்பா, புள்ளைய ஏன் அடிக்கிற?" என்று ஸ்டெல்லா சத்தம் போட்டாள்.

"பாருங்க டீச்சர், நீங்களே பாருங்க," என்றார் ஏழுமலை. மூச்சு வாங்கியது. "தெனமும் இதே கததான். கொடத்த தட்டி வுடறது, பாத்தில எறங்கறது. கைய ஓங்கினா மத்த புள்ளைங்க பயப்படும். இது அசையாது. கண்ணக்கூட சிமிட்டாது. ஏழு வயசுல அவ்ளோ அழுத்தம்!"

சுமதி கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அழுத்தம் இல்லக்கா," என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில். "அவளுக்கு ஒடம்பு சரியில்ல. காலைல எழுந்தா தல வலிக்குதுங்கறா. ஒரு நாளு வுட்டு ஒரு நாளு வாந்தி எடுக்கறா. வெறும் வயித்துல எடுக்குதுன்னு சொல்றாங்க. எனக்கென்னவோ பயமா இருக்குது."

நேருக்கு நேர் நிற்கிற மனிதரின் வலது கை, குழந்தைக்கு இடப்பக்கம். திரும்பி வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

4

திங்கட்கிழமை முதல் வேலையாகக் காவியாவைக் கூப்பிட்டேன். ஒரே ஓர் அட்டையை எடுத்துக்கொண்டேன். அதில் இடப்பக்கம் மூன்று புள்ளி, வலப்பக்கம் இரண்டு புள்ளி, நடுவில் கொஞ்சம் இடைவெளி. என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, ஒரு நொடி காட்டி மறைத்தேன்.

"ரெண்டு."

அதே அட்டையைத் தலைகீழாகத் திருப்பினேன். இப்போது மூன்று புள்ளி வலப்பக்கம் வந்துவிட்டது. காட்டி மறைத்தேன்.

"மூணு," என்றாள் காவியா.

மறுபடி திருப்பினேன். "ரெண்டு." மறுபடி. "மூணு." அவள் இது ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அட்டையில் ஐந்து புள்ளி இருப்பது அந்தக் குழந்தைக்கு ஒரு தரம்கூடத் தெரியவில்லை. முப்பத்து நான்கு ஏன் நான்கானது, கூட்டலில் பாதி எண் எங்கே போனது என்பதெல்லாம் ஒரேயடியாக விளங்கியது. குச்சி எண்ணும்போது தரையை ஏன் தடவினாள் என்பதும்.

ஸ்டெல்லா என் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா," என்றாள். "இவ தெனமும் ரோட்ட தாண்டி வர்றா."

அன்று மாலை பள்ளி விட்டதும் இருவரும் வாசலில் நின்றோம். சாலையின் முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கமிருந்து வரும். அதை அவள் பார்த்துவிடுவாள். நடுச்சாலைக்குப் போன பிறகு வருவதெல்லாம் இடப்பக்கமிருந்து. உப்பளத்துப் பக்கப் பிள்ளைகள் கும்பலாகத்தான் கடப்பார்கள். காவியாவும் கும்பலோடு இறங்கினாள். நடுவில் போனதும் எல்லாரும் நின்றார்கள். டிப்பர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. காவியா மட்டும் நிற்காமல் காலை எடுத்து வைத்தாள். ஸ்டெல்லா "ஏய்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள்.

பக்கத்தில் நின்ற இன்னொரு சிறுமி, பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தாமலே, காவியாவின் புத்தகப் பையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். லாரி கடந்து போனது. புழுதி அடங்கியதும் எல்லாரும் மறுபக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓடிப்போய் அந்தச் சிறுமியைக் கேட்டோம். அவளுக்கு நாங்கள் ஏன் இப்படிப் பதறுகிறோம் என்றே புரியவில்லை.

"அவ எப்பவும் அப்டித்தான் மிஸ். வண்டி வந்தா நிக்க மாட்டா. நான்தான் இஸ்து வுடுவேன்," என்றாள்.

"நீ லீவு போட்டா?"

சிறுமி யோசித்தாள். "தெர்ல மிஸ்," என்றாள்.

5

ஆறு மணி வாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். லியாவும் வருகிறேன் என்று கூடவே வந்தாள். ஏழுமலை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போட்டு, தான் நின்றுகொண்டார். சனிக்கிழமை நடந்ததில் அவருக்குக் கூச்சம் இருந்தது. நான் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னேன். காவியாவுக்கு இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை என்று நினைக்கிறேன்; கண்ணில் கோளாறு என்றால் கேம்ப்பிலேயே தெரிந்திருக்கும்; தலைவலியும் வாந்தியும் சேர்ந்திருப்பதால் உடனே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

"கண்ணு தெரியாத புள்ள எப்டிக்கா ஓடி ஆடிக்கிட்டு இருக்கும்?" என்றார். "டிவில வர்றத ஒண்ணொண்ணா சொல்லுது. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. சீசன் முடியட்டும், ஐப்பசில மழ வந்தா வேல இல்ல, அப்ப காட்டலாம்."

"அவ்ளோ நாள் விடக்கூடாது ஏழுமலை."

"நீங்க வெளிநாட்டுல இருக்கறீங்க. அங்க எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரிதான். இங்க அப்டி இல்லக்கா."

சுமதி உள்ளேயிருந்து வெளியே வந்தார். கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ கைய ஓங்கினா அவ ஏன் பயப்படல?"

ஏழுமலை மகள் பக்கம் திரும்பினார். காவியா எதிரே நின்று, லியாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காவியா, இங்க பாரு," என்றார். குழந்தை நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தது. அவர் வலது கையை மெல்ல ஓங்கினார். தோள் உயரம், பிறகு தலை உயரம். அவள் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தாள். "இன்னாப்பா?" என்று கேட்டாள்.

கையை இறக்கிவிட்டார். பிறகு இடது கையைத் தூக்கினார். பாதிகூடத் தூக்கவில்லை. காவியா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுமலையின் இடது கை மேலேயே நின்றது. அதை இறக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சுமதி போய் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

"காலைல மொத பஸ்ஸுக்குப் போலாம்," என்றார் ஏழுமலை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

6

மருத்துவமனையில் கண் டாக்டர் காவியாவைத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். இளம் பெண். முதலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், நாலைந்து தரம் கேட்ட பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "எப்பலேர்ந்து?" என்று மட்டும் கேட்டார். சுமதி தலைவலியையும் வாந்தியையும் சொன்னார். டாக்டர் எழுந்துபோய் போனில் யாரிடமோ பேசினார். ஸ்கேன் அன்றைக்கே என்றார். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர் மற்றவர்களைத் தாண்டி உள்ளே அழைக்கப்பட்டால் அது நல்ல செய்தியாக இருப்பதில்லை.

காப்பீட்டு அட்டையில் காவியாவின் பேர் ஏறவில்லை. ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. ஸ்டெல்லா அதற்காகத் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் போடுகிறேன் என்று, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர்களுக்குத் தரும் என் அட்டையை நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல வெளிநாட்டுக் குடிமகள்னு இருக்குதேம்மா. ஆதார் இல்லியா?"

"இல்லீங்க. ஆனா நான் இந்த ஊர்தான். மரக்காணம்."

"அது சரிம்மா. உள்ளூர்க்காரங்க யாராச்சும் போடட்டும்," என்றார், மரியாதையாகவே. வரிசையில் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார்.

ஸ்கேன் முடிவுக்காக நீளத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏழுமலை உட்காரவே இல்லை. சுவரைப் பார்த்து நின்றார். லியா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, காவியாவுக்குப் பிரெஞ்சில் ஒன்று இரண்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காவியா அப்படியே திருப்பிச் சொன்னாள். நடுவில் சட்டென்று கேட்டாள்.

"அக்கா, ஒங்களுக்கு அந்தப் பக்கமும் தெரியுமா?"

"எந்தப் பக்கம்?"

காவியா இடது கையைத் தூக்கிக் காட்டினாள். தன் கையையே அவளால் பார்க்க முடியவில்லை. "இந்தக் கை இருக்கற பக்கம்."

லியா என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"தெரியும்," என்றாள் லியா.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

காவியா அதை யோசித்தாள். யாரோ ஒரு பெரிய விஷயத்தை இத்தனை நாள் தன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பதுபோல அவள் முகம் இருந்தது. லியா அவசர அவசரமாக, தன் அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "ஆனா அங்க பெருசா ஒண்ணும் இல்ல. சுவர்தான். நான் பாக்கறேன்ல, சுவர்தான் இருக்கு."

என் மகளிடமிருந்து நான் கேட்ட மிக நீளமான தமிழ் அதுதான். நான் எழுந்து, தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டேன்.

மூளையில் வலப்பக்கம் ஆழத்தில் ஒரு கட்டி. பார்வை நரம்பின் பாதையை அழுத்திக்கொண்டிருந்தது. மூளை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் ஏழுமலைக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். அறுவை செய்தே ஆக வேண்டும். செய்தாலும் போன பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது. ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அடிச்சதால வந்துதா சார்?" என்று கேட்டார்.

"இல்லப்பா," என்றார் டாக்டர். "அதனால வரல."

ஏழுமலை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

7

அறுவைக்கு நாள் குறித்தபோது எங்கள் விடுமுறை முடிந்துவிட்டது. பள்ளி திறக்கும் நாளில் நான் இங்கே இருந்தாக வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் லியா காருக்குள் முதல் ஆளாக ஏறி உட்காருவாள். இந்த முறை, நாம் இருந்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டாள், பிரெஞ்சில்.

அறுவை நடந்த நாள் முழுக்க நான் வகுப்பில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியமாகும்போது இங்கே பிள்ளைகள் காலை உணவு வாசத்தோடு வந்து உட்காருகிறார்கள். போனை மேசைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இடைவேளையில் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன்; ஒன்றும் இல்லை. ஒரு குழந்தை ஏழும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டபோது எனக்கு விடை வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. கட்டைகளை எடுத்து அடுக்கி, அந்தக் குழந்தையோடு சேர்ந்து எண்ணித்தான் சொன்னேன். பள்ளி விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது ஸ்டெல்லாவின் குரல் செய்தி வந்தது. "அக்கா, முழிச்சிட்டா. தண்ணி கேட்டா," என்றாள். அதற்கு மேல் அழுகைதான் பதிவாகியிருந்தது.

கட்டியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆபத்தான கட்டி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் நரம்போடு ஒட்டியிருந்த ஒரு துணுக்கைத் தொட முடியாமல் விட்டிருக்கிறார்கள். தலைவலி போனது, வாந்தி போனது. இடப்பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை, இனி வராது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டெல்லா அவளுக்காக நோட்டில் இடது ஓரம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு வைக்கிறாள். கோடு கண்ணில் படுகிற வரைக்கும் தலையைத் திருப்ப வேண்டும். பிறகுதான் கணக்கைத் தொட வேண்டும். இப்போது முப்பத்து நான்கு, முப்பத்து நான்காகவே இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஸ்கேன். அந்த வாரங்களில் ஸ்டெல்லாவின் எண் போனில் ஒளிர்ந்தால் எடுப்பதற்கு முன் ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஸ்கேன் எடுத்தது போன வாரம். துணுக்கு அப்படியே இருக்கிறதாம், வளரவில்லையாம். "இப்பத்திக்கு" என்றாராம் டாக்டர். அந்தச் சொல்லை ஸ்டெல்லா இரண்டு முறை சொன்னாள். அடுத்தது பொங்கலுக்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காவியாவே வந்தாள். முடி வளர்ந்து மறுபடி பின்னல் போட ஆரம்பித்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக ஒரு புகார்.

"மிஸ், எங்கப்பாகிட்ட சொல்லுங்க. தெனமும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வர்றாரு. அந்தப் பக்கமாவே நடந்து வர்றாரு. எனக்கு அப்பா இல்லாத மாரியே இருக்குது."

படத்துக்கு வெளியே ஏழுமலையின் குரல் கேட்டது. "வண்டி அந்தப் பக்கந்தான வருது. நான் இந்தப் பக்கம் வந்து இன்னா பண்றது?"

"அப்ப பேசிக்கிட்டே வாப்பா. சத்தம் கேட்டா இருக்கன்னு தெரியும்ல?"

ஏழுமலை பேசுகிற மனிதர் இல்லை. பதிலுக்கு ஒரு சின்னச் செருமல்தான் கேட்டது.

நேற்று ஸ்டெல்லா சொன்னாள். திங்கட்கிழமை காலை பள்ளி வாசலில் நின்று பார்த்தாளாம். இருவரும் எதிர்ப்பக்கத்திலிருந்து நின்று நின்று சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். பேச விஷயம் கிடைக்காமல் ஏழுமலை இடப்பக்கமிருந்து வருகிற வண்டிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாராம், தெருவே கேட்கும்படி. காவியா வலப்பக்கத்து வண்டிகளைத் தனியாக எண்ணிக்கொண்டு வந்தாளாம். வாசலுக்கு வந்ததும் நின்று, இரண்டையும் கூட்டிச் சொல்லிவிட்டு உள்ளே போனாளாம்.